காலம் ஓட்டுதல்

எங்கள் ஊர்ப் பக்கம் தண்ணீரைச் சோப்புப் போட்டுத்தான் அளப்பார்கள். புதிதாகப் போர் போட்டதும் முதல் வாளித் தண்ணீரில் கையை நனைத்து, சோப்பைத் தேய்த்துப் பார்ப்பார்கள். நுரை பொங்கினால் நல்ல தண்ணி. நுரைக்குப் பதிலாக வெள்ளைப் பிசுக்கு திரிதிரியாக மிதந்தால் உப்புத் தண்ணி. அதில் பருப்பு வேகாது. இட்லிப் பானையின் அடியில் சுண்ணாம்பு பொருக்குத் தட்டும். தலைக்குக் குளித்தால் முடி சணல் மாதிரி நிற்கும். விருதுநகர் பக்கத்துக் கரிசல் ஊர்களில் பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டுத் தண்ணீரை விசாரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க் 1841இல் இதே வேலையை ஓர் அளவீட்டு முறையாக மாற்றினார். குறிப்பிட்ட அளவு தண்ணீரைப் புட்டியில் எடுத்துக்கொள்ள வேண்டும். செறிவு தெரிந்த சோப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குலுக்க வேண்டும். நுரை உடையாமல் சில நிமிடம் நின்றால் நிறுத்திக்கொண்டு, எவ்வளவு சோப்பு செலவானது என்று பார்க்க வேண்டும். செலவான சோப்பெல்லாம் தண்ணீரில் இருந்த கால்சியமும் மெக்னீசியமும் தின்றது. அவை தின்று முடித்த பிறகுதான் நுரைக்குச் சோப்பு மிஞ்சும். குழாயடியில் எங்கள் பாட்டிமார் செய்ததுதான். அளவும் கணக்கும் மட்டும் கூடுதல்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. சோப்புக்கு ஆள் தெரியாது. கால்சியம் எவ்வளவு, மெக்னீசியம் எவ்வளவு என்று அது சொல்லாது. மொத்தத்தை மட்டும்தான் சொல்லும். அப்பா இதை வேறு மாதிரிச் சொல்வார்: "மொத்தம் தெரிஞ்சா போதுமா? உள்ள யாரு யாரு இருக்காங்கன்னு தெரிய வேண்டாமா?"

அப்பா ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியின் வேதியியல் துறையில் 31 ஆண்டுகள் ஆய்வக உதவியாளராக இருந்தவர். படித்தது பி.யூ.சி. மட்டும். ஆனால் எம்.எஸ்சி. மாணவர்களின் செய்முறைத் தேர்வுக்குக் கரைசல் தயாரித்துத் தரம் பார்த்து வைப்பவர் அவர்தான். அவர் பாட்டிலில் ஒட்டிய எண்ணை வைத்துத்தான் மாணவர்களின் விடை சரியா தவறா என்று பேராசிரியர்கள் மதிப்பெண் போட்டார்கள். நான் பொறியியல் படித்து மென்பொருள் வேலைக்குப் போனதில் அவருக்குப் பெருமையும் உண்டு, சின்ன வருத்தமும் உண்டு. கையில் எதுவும் படாத வேலை என்பது அந்த வருத்தம்.

கோடை விடுமுறைகளில் அவருடன் ஆய்வகத்துக்குப் போவேன். அங்கேதான் ஈடிடிஏ என்ற பெயரை முதலில் கேட்டேன். அதன் முழுப்பெயர் ஒரு வரி நீளம் இருக்கும். வேலை எளிது. ஒரே மூலக்கூறு ஆறு இடங்களில் பிடித்து ஓர் உலோக அயனியைச் சுற்றி வளைத்துக்கொள்ளும், நண்டு கால்களால் கவ்வுகிற மாதிரி. எந்த உலோகமானாலும் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு. எத்தனை ஈடிடிஏ செலவானதோ அத்தனை உலோக அயனி.

இதை 1935 வாக்கில் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தில் ஃபெர்டினாண்ட் மன்ஸ் உருவாக்கினார். நோக்கம் ஜவுளி. சாயம் போடும் தண்ணீரில் கால்சியம் இருந்தால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அந்தக் கால்சியத்தைக் கட்டிப்போட ஒரு பொருள் தேவைப்பட்டது. பத்தாண்டு கழித்து சூரிச் பல்கலைக்கழகத்தில் கெரோல்ட் ஷ்வார்சன்பாக் அதை அளவுகோலாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். ஆனால் கால்சியத்தையெல்லாம் ஈடிடிஏ பிடித்து முடித்துவிட்டது என்பது கண்ணுக்கு எப்படித் தெரியும்? அதற்கு 1948இல் அவரும் பீடர்மனும் கையில் எடுத்தது எரியோகுரோம் பிளாக் டி. அது கம்பளிக்குப் போடும் சாயம். சாயப்பட்டறைத் தண்ணீருக்காகப் பிறந்த பொருளும், சாயப்பட்டறைச் சாயமும் ஆய்வகத்தின் கூம்புக் குடுவையில் சந்தித்துக்கொண்டன.

அம்மோனியாக் கரைசலை ஊற்றிப் பிஎச் 10க்குக் கொண்டுவந்து, இந்தச் சாயத்தை ஒரு சிட்டிகை போட்டால் உப்புத் தண்ணீர் திராட்சை ரசம் போலச் சிவக்கும். சாயம் மெக்னீசியத்தைப் பிடித்திருக்கும்போது வரும் நிறம் அது. மேலேயிருந்து பியூரெட்டில் ஈடிடிஏ சொட்டுச் சொட்டாக இறங்கும். அது முதலில் வெறுமனே திரியும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடிக்கும். கடைசியில் சாயத்தின் பிடியில் இருக்கும் மெக்னீசியத்தையும் பிடுங்கிக்கொள்ளும். பிடி விட்டதும் சாயம் தன் சொந்த நிறத்துக்குத் திரும்பும். நீலம். சிவப்பு ஊதாவாகி, ஊதாவில் சிவப்பின் கடைசிச் சாயல் போகிற அந்த ஒரு சொட்டுதான் இறுதிநிலை. அடுத்த சொட்டு போனால் அளவு தப்பு. குடுவைக்குக் கீழே வெள்ளை ஓடு வைத்து, இடது கையால் பியூரெட் குழாயைத் திருகி, வலது கையால் குடுவையைச் சுழற்றியபடி அப்பா முழுச்சொட்டு விழவிடாமல் அரைச்சொட்டை முனையில் தொங்கவிட்டுக் குடுவையின் உட்சுவரில் தொட்டு எடுப்பார். சுமார் 0.025 மில்லி. அதற்குப் பிறகுதான் மூச்சு விடுவார்.

ஈடிடிஏக்கும் சோப்பைப் போல ஆள் தெரியாது என்பதுதான் சங்கடம். கால்சியம், துத்தநாகம், நிக்கல், தாமிரம் என்று எதைக் கொடுத்தாலும் கவ்வும். கலவையைக் கொடுத்தால் கூட்டுத்தொகையைத்தான் தரும். என் வேலையில் தினமும் பார்க்கும் சிக்கல் இது. கணினித் திரையில் "சராசரிப் பதில் நேரம் 200 மில்லிவினாடி" என்று பச்சையில் எரிந்துகொண்டிருக்கும். 100 பேரில் 3 பேருக்குப் பக்கமே திறக்காது. மொத்தம் நன்றாக இருக்கும்போதுதான் யாரோ சிலர் செத்துக்கொண்டிருப்பார்கள். அளக்குமுன் பிரிக்க வேண்டும்.

பிரிப்பதற்குத்தான் காலம். ஆங்கிலத்தில் தூண் என்று பொருள்படும் அந்தச் சொல்லை ஆய்வகத்தில் எல்லாரும் அப்படித்தான் உச்சரிப்பார்கள். பியூரெட் போன்ற கண்ணாடிக் குழாய், அடியில் கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு, அதன்மேல் வறுத்த ரவை மாதிரிப் பொன்னிற மணிகள். "காலம் ஓடிட்டு இருக்கு, கதவைச் சாத்திட்டுப் போ" என்று அப்பா சொல்வதைக் கேட்டுப் புதிதாக வந்த தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டாராம்.

அந்த மணிகளின் கதை வயலில் தொடங்குகிறது. 1850இல் இங்கிலாந்தில் ஹெச். எஸ். தாம்சன் என்ற யார்க்ஷயர் நிலக்கிழாரும், வேளாண் கழகத்துக்கு ஆலோசகராக இருந்த தாமஸ் வே என்ற வேதியியலரும் ஒரு விஷயத்தை எழுதிவைத்தார்கள். அம்மோனியம் உரக் கரைசலை மண் நிரப்பிய குழாயில் ஊற்றினால் அம்மோனியம் மண்ணிலேயே தங்கிவிடுகிறது. கீழே கால்சியம் வெளியே வருகிறது. உரம் மழையில் அடித்துக்கொண்டு போகாமல் மண்ணில் நிற்பதன் ரகசியம் இதுதான். மண் உறிஞ்சவில்லை, பண்டமாற்று செய்கிறது. ஒன்றை வாங்கிக்கொண்டு அதே மின்னூட்டக் கணக்குக்கு இன்னொன்றைக் கொடுக்கிறது. 1935இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இதே வேலையைச் செய்யும் செயற்கைப் பிசினைச் செய்தார்கள். 1940களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் இருந்த கேட்டானோ டி'அலெலியோ அதைப் பாலிஸ்டைரீனில் செய்தார். கல்யாண மேடையில் பெயர் வெட்டி ஒட்டும் தெர்மாகோல் எதனால் ஆனதோ அதே பாலிஸ்டைரீன்தான். அதன் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து, சல்ஃபோனேட் தொகுதிகளை ஒட்டிவிட்டால் ஒவ்வொரு மணியும் எதிர்மின் இருக்கைகள் நிறைந்த மண்டபமாகிவிடும். இருக்கையில் சோடியம் உட்கார்ந்திருக்கும். கால்சியம் வந்தால் இரண்டு சோடியம் எழுந்து இடம் கொடுக்க வேண்டும்.

எம்.எஸ்சி. மாணவர்களுக்கு அப்பா தயார்செய்யும் சோதனை இதற்கு நேர்மாறான பிசினில், நேர்மின் இருக்கைகள் உள்ளதில் நடக்கும். துத்தநாகமும் மெக்னீசியமும் கலந்த கரைசல். இரண்டும் நிறமற்றவை, இரண்டும் நேர்மின் அயனிகள், ஈடிடிஏக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் துத்தநாகம் குளோரைடுகளைச் சேர்த்துக்கொண்டு எதிர்மின் உருவம் எடுத்துவிடும். மெக்னீசியம் மாறாது. கலவையைக் காலத்தில் ஊற்றினால் துத்தநாகம் பிசினில் ஒட்டிக்கொள்ளும், மெக்னீசியம் வழிந்து கீழே வந்துவிடும். அதைத் தனியாகப் பிடித்துத் தரம் பார்க்கலாம். பிறகு தண்ணீரும் நீர்த்த நைட்ரிக் அமிலமும் ஊற்றினால் குளோரைடு உடுப்புக் கழன்று துத்தநாகமும் இறங்கிவரும். அதையும் தரம் பார்க்கலாம்.

ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் கிராஸ், மூர் என்ற இருவர் 1953இல் இதை ஒரு படிக்கட்டாகவே கட்டிக் காட்டினார்கள். ஆறு உலோகங்களைக் காலத்தின் தலையில் ஏற்றிவிட்டு அமிலத்தின் செறிவைப் படிப்படியாகக் குறைத்தார்கள். 12 மோலாரில் நிக்கல் இறங்கியது. 6இல் மாங்கனீசு, 4இல் கோபால்ட், 2.5இல் தாமிரம், 0.5இல் இரும்பு. கடைசியாக 0.005இல் துத்தநாகம். ஒவ்வொன்றும் தன் முறை வரும்வரை காத்திருந்து தனித்தனியாக இறங்கியது.

இந்த அமைதியான கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் ஒரு போரும் இருக்கிறது. அருமண் தனிமங்கள் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி போன்றவை. எல்லாம் பெரும்பாலும் மூன்று நேர்மின் கொண்டவை, உருவ அளவில் மயிரிழை வித்தியாசம். 1911இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் ஜேம்ஸ் தூலியத்தைத் தூய்மையாகப் பிரிக்க 15,000 முறை படிகமாக்கினார். இரண்டாம் உலகப்போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் யுரேனியம் பிளந்து உண்டாகும் குப்பையில் இந்தத் தனிமங்கள் ஏராளமாக இருந்தன. பிரித்தே ஆக வேண்டியிருந்தது. பிசின் காலம் அங்கே வந்தது. 61ஆம் இடம் காலியாகக் கிடந்த தனிம அட்டவணையில் புரோமித்தியத்தை 1945இல் மரின்ஸ்கி, கிளெண்டெனின், கோரியல் மூவரும் அடையாளம் கண்டது அயனிப் பரிமாற்றக் காலத்தில்தான். 1955இல் பெர்க்லியில் மெண்டலீவியம் கண்டுபிடிக்கப்பட்டபோது ஆதாரமாகக் கிடைத்தவை மொத்தம் 17 அணுக்கள். ஒரு சோதனைக்கு ஓர் அணு என்ற அளவில் வந்தவை. காலத்திலிருந்து எத்தனையாவது சொட்டில் வெளியே வந்தது என்பதை வைத்துத்தான் அது யார் என்று சொன்னார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் உள்ள மோனசைட்டில் இதே அண்ணன் தம்பிகள் கூட்டுக் குடும்பமாக இருக்கிறார்கள். கல்லூரிச் சுற்றுலாவில் அங்கிருந்து ஒரு பொட்டலம் மணல் எடுத்துவந்து அப்பா ஆய்வக அலமாரியில் வைத்திருந்தார். "இதுல பதினஞ்சு பேரு இருக்கான், ஒருத்தனும் முகம் காட்ட மாட்டான்" என்பார்.

ஓய்வு பெற்ற ஐந்தாம் ஆண்டு அப்பாவின் சிறுநீரகங்கள் நின்றுபோயின. 20 ஆண்டுச் சர்க்கரை. வாரம் மூன்று நாள், ஒரு நாளுக்கு 4 மணி நேரம் டயாலிசிஸ். நான் பெங்களூரிலிருந்து வேலையை வீட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்தேன். செவ்வாய், வியாழன், சனி அவரைக் கூட்டிப்போவது என் பொறுப்பு. ஊரின் பெயரும் அந்த மையத்தின் பெயரும் இங்கே வேண்டாம். 8 படுக்கைகள், 3 ஷிஃப்ட்.

முதல் மாதத்தில் பொட்டாசியம் 6.4 வந்தது. 5க்குள் இருக்க வேண்டியது. இளநீர், வாழைப்பழம், தக்காளி எல்லாம் நின்றன. காய்கறியை நறுக்கி ஊறப்போட்டு, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அம்மா சமைத்தாள். அதோடு ஒரு பொடியும் எழுதிக்கொடுத்தார்கள், 15 கிராம் பொட்டலம், தண்ணீரில் கலக்கிக் குடிக்க. மணல் மாதிரி நறநறவென்று இருக்கும். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உறையைக் கண்ணருகே வைத்து எழுத்துக் கூட்டினார். கால்சியம் பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட்.

"டேய், இது நம்ம ரெசின்டா!" அவர் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "காலத்துக்குள்ள போட்டதை வயித்துக்குள்ள போடச் சொல்றான்."

உண்மைதான். அதே பிசின், குடலே காலம். மணியின் இருக்கையில் கால்சியம் உட்கார்ந்து உள்ளே போகும். குடலில் பொட்டாசியத்தை ஏற்றிக்கொண்டு கால்சியத்தை இறக்கிவிட்டு வெளியே போகும். ஒரு கிராம் பிசின் உடம்புக்குள் சுமார் ஒரு மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியத்தைத்தான் பிடிக்கும். ஒரு பொட்டலத்துக்குக் கிட்டத்தட்ட 600 மில்லிகிராம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 400 இருக்கும். ஒன்றரை வாழைப்பழத்துக்காக ஒரு டம்ளர் மணல். அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளிக்காமல் குடித்தார்.

எட்டாவது மாதம் அவருக்கு டயாலிசிஸ் நடுவிலேயே குமட்டலும் வாந்தியும் தொடங்கின. ரத்த அழுத்தம் ஏறியது. மற்றவர்களில் சிலருக்கும் அப்படித்தான் என்று காத்திருப்பு அறையில் பேசிக்கொண்டார்கள். அப்பாவின் மண்டை அங்கேயிருந்து எங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும். ஒரு முறைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் 120 லிட்டர் தண்ணீர் சவ்வின் அந்தப் பக்கம் ஓடுகிறது. நாமெல்லாம் இரண்டு மாதத்தில் குடிப்பது அது. நாம் குடிப்பதையாவது குடல் பார்த்து உள்ளே விடும்; இவருக்கு மெல்லிய சவ்வு ஒன்றைத் தாண்டினால் ரத்தம். 1967லேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் "கடினநீர் நோய்க்குறி" என்று எழுதியிருக்கிறார்கள். தண்ணீரை மென்மையாக்கும் கருவி பழுதானதால் கால்சியமும் மெக்னீசியமும் உள்ளே போய்க் குமட்டல், வாந்தி, தளர்ச்சி, ரத்த அழுத்தம். அதைப் படித்துக் காட்டியதும் அப்பா கேட்டார்: "இங்க சாஃப்ட்னர் யாரு பாக்குறது?"

நிர்வாகியிடம் கேட்டேன். "மீட்டர்ல டிடிஎஸ் 40தான் சார் காட்டுது. போர்த் தண்ணி 1,200. ஆர்ஓ சூப்பரா இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னார்: "டிடிஎஸ் மீட்டருக்கு யாரு யாருன்னு தெரியாதுடா. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துட்டுச் சோடியத்தைக் குடுக்குது. மொத்தம் குறையவே குறையாது. சாஃப்ட்னர் செத்துப்போனாலும் அந்த மீட்டருக்குத் தெரியாது."

மையத்தில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருந்த பையனுக்கு 23 வயது இருக்கும். அப்பாவை ஐயா என்பான். அவனே இரண்டு முறை கழுவிய பாட்டில்களில் போர்த் தண்ணீர், சாஃப்ட்னர் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் மூன்றையும் பிடித்துக் கொடுத்தான். மதுரையில் ஆய்வகச் சாமான் கடையில் பியூரெட், பிப்பெட், ஈடிடிஏ, எரியோகுரோம், அம்மோனியாக் கரைசல் வாங்கி வந்தேன். சாப்பாட்டு மேசையில் ஸ்டாண்டை நிறுத்தினோம். அம்மோனியா நெடியில் அம்மா கொல்லைப்புறம் போய்விட்டாள்.

அப்பா உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல நான் செய்தேன். 50 மில்லி போர்த் தண்ணீர், 0.01 மோலார் ஈடிடிஏ. சிவப்பு நன்றாக வந்தது. பாதிக்கு மேல் இறங்கியதும் அப்பா எழுந்து வந்து என் கையை விலக்கிவிட்டுக் குழாயைப் பிடித்தார். விரல்கள் எதையும் மறக்கவில்லை. சொட்டு, சுழற்று, சொட்டு. குடுவையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிப் பார்த்தார். சர்க்கரை அவர் விழித்திரையையும் விட்டுவைக்கவில்லை. லேசர் இரண்டு முறை வைத்திருந்தோம். சிவப்பு தெரிந்தது. ஊதாவும் நீலமும் அவருக்கு இருண்ட ஒரே நிறமாகக் கலங்கியிருந்தன.

"நீலமாடா?"

"இன்னும் இல்லப்பா. ஓரத்துல கொஞ்சம் சிவப்பு இருக்கு."

அவர் அரைச்சொட்டை உட்சுவரில் தொட்டார்.

"இப்ப?"

"இப்ப நீலம்."

"சிவப்புச் சாயல் துளிகூட இல்லையே? நல்லாப் பாரு."

"இல்லப்பா."

"எழுது."

அன்று இரவு 11 மணி வரை அப்படித்தான் வேலை நடந்தது. கை அவருடையது, கண் என்னுடையது. ஒவ்வொன்றையும் இரண்டு அளவும் 0.1 மில்லிக்குள் ஒத்துப்போகும்வரை திரும்பத் திரும்பப் போட்டோம். போர்த் தண்ணீருக்கு 20.1 மில்லி. அதாவது லிட்டருக்கு 402 மில்லிகிராம் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட் கணக்கில். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு 200 விரும்பத்தக்கது, வேறு வழி இல்லாதபோது 600 வரை போகலாம். சாஃப்ட்னரைத் தாண்டிய தண்ணீர் கிட்டத்தட்டச் சுழியமாக இருக்க வேண்டும். 19.4 மில்லி வந்தது. 388. சாஃப்ட்னர் வெறும் குழாயாகத்தான் இருந்திருக்கிறது.

ஆர்ஓ தண்ணீருக்கு அப்பா ஈடிடிஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் சொன்னார். "ரீடிங் சின்னதா வந்தா தப்பு பெருசாத் தெரியாது. ரீடிங்கப் பெருசாக்கு." 100 மில்லிக்கு 11.0 மில்லி. லிட்டருக்கு 11 மில்லிகிராம். குடிக்கிற தண்ணீருக்கு இது அமிர்தம். டயாலிசிஸ் தண்ணீருக்கு எல்லை வேறு. லிட்டருக்குக் கால்சியம் 2 மில்லிகிராம், மெக்னீசியம் 4. நம் 11 முழுக்க மெக்னீசியமாக இருந்தால் அது 2.7தான், எல்லைக்குள். முழுக்கக் கால்சியமாக இருந்தால் 4.4, எல்லைக்கு இரண்டு மடங்குக்கு மேல். மொத்தத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

இதற்குக் காலம் தேவையில்லை, காரம் போதும். சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றிப் பிஎச் 12க்கு மேல் ஏற்றினால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகி ஒதுங்கிவிடும். அப்போது ஈடிடிஏவிடம் பேசுவது கால்சியம் மட்டும். வேறு நிறங்காட்டி, அதுவும் சிவப்பிலிருந்து நீலம். 9.0 மில்லி. கணக்குப் போட்டால் கால்சியம் லிட்டருக்கு 3.6 மில்லிகிராம், மெக்னீசியம் அரை மில்லிகிராம்.

நான் உடனே மருத்துவரிடம் போகத் துடித்தேன். அப்பா தடுத்தார். "இதுதான் வாந்திக்குக் காரணம்னு போய்ச் சொல்லிடாத. டயாலிசிஸ் திரவத்துலயே லிட்டருக்கு 50, 60 மில்லிகிராம் கால்சியம் வேணும்னே போடுறாங்க. அதுல 3.6ங்கிறது பெருசு இல்ல. ஆனா சாஃப்ட்னர் செத்துருக்கு. ஆர்ஓ சவ்வு மேல சுண்ணாம்பு ஏறிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு மாசம் போனா என்ன ஆகும்? அதைச் சொல்லு."

அப்படியே சொன்னேன். மருத்துவர் தாளை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். அப்பாவிடமிருந்து எடுக்கும் நீரின் அளவையும் வேகத்தையும் மாற்றினார். வாந்தி இரண்டு வாரத்தில் குறைந்தது. தண்ணீர் அறையையும் திறக்கச் சொன்னார்.

சாஃப்ட்னருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, கல்லுப்புக்காக. பிசினின் இருக்கைகளெல்லாம் கால்சியத்தால் நிரம்பியதும் கெட்டியான உப்புக் கரைசலை அதன் வழியே ஓட்டுவார்கள். நீர்த்த தண்ணீரில் பிசினுக்குக் கால்சியத்தின் மேல்தான் பிரியம் அதிகம். ஆனால் சோடியம் பெருங்கூட்டமாக வந்து நெருக்கினால் அந்தப் பிரியம் தளரும். கால்சியம் எழுந்துபோகும், சோடியம் மறுபடி உட்காரும், பிசின் புதிதாகும். 8 படுக்கைக்கு மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து நாளுக்கு 3,000 லிட்டர் தூய நீர் வேண்டும். ஆர்ஓ பாதியை வெளியே தள்ளும் என்பதால் சாஃப்ட்னர் வழியே போக வேண்டியது 6,000 லிட்டர். 50 லிட்டர் பிசினுக்கு இந்தக் கடினநீரில் கிட்டத்தட்ட ஒரு நாள் வேலைதான் அது. தினமும் உப்புக் குளியல் தேவை.

தொட்டி நிறைய உப்பு இருந்தது. "தினம் பார்த்துத்தான் ஐயா எழுதுறேன், ஃபுல்லாத்தான் இருக்கு" என்றான் பையன், குரல் கம்மியபடி. அப்பா சுவரோரம் இருந்த துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து அதன் கட்டையால் உப்பின் மேல் குத்தினார். இரண்டாம் குத்தில் மேல் அடுக்கு பாளமாக உடைந்து உள்ளே விழுந்தது. கீழே வெற்றிடம். ஈரத்தில் உப்பு கட்டிபிடித்துப் பாலம் போல் நின்றுவிட, அடியில் இருந்த தண்ணீருக்கு உப்பே எட்டவில்லை. எத்தனை வாரமாகவோ பிசினுக்கு வெறும் தண்ணீரில் குளியல்.

"மேல பாத்தா தெரியாது தம்பி" என்றார் அப்பா. "உன் மேல தப்பு இல்ல. வாரத்துக்கு ஒரு தடவை குத்திப் பாரு."

புது உப்புப் போட்டு இரண்டு முறை ஓட்டிய பிறகு சாஃப்ட்னர் தண்ணீரைப் பிடித்து எரியோகுரோம் போட்டோம். ஈடிடிஏ ஒரு சொட்டும் விடுவதற்கு முன்பே நீலம். பையன் குடுவையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆர்ஓ சவ்வை அமிலத்தில் கழுவினார்கள். சுவரில் மாட்டியிருந்த டிடிஎஸ் மீட்டர் அன்று காலை 40 காட்டியது. மாலையில் 38.

இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. டயாலிசிஸ் நாட்களில் அப்பாவின் ஊசி குத்தாத கைப்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு பையன் கேள்வி கேட்பான். மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறான். காலத்தில் திரவமட்டம் ஏன் பிசினுக்குக் கீழே இறங்கக் கூடாது, இறங்கினால் காற்று எப்படி வழி போடும், வழி போட்டால் அயனிகள் பிசினைத் தொடாமல் எப்படித் தப்பி ஓடும் என்று அப்பா சொல்லிக்கொடுப்பார். பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரு முறை, "என்ன சார், எப்படிப் போகுது?" என்றார். "காலத்தை ஓட்டிட்டு இருக்கேன்" என்றார் அப்பா. பையன் மட்டும் சிரித்தான்.

பிசினை உப்பு ஊற்றிப் புதுப்பிக்கலாம். சிறுநீரகத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். பொட்டாசியம் போன மாதம் 5.8 வந்தது, பொட்டலம் கூடியிருக்கிறது. எடை குறைந்துகொண்டு வருகிறது. அதன் காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல மருத்துவரால் முடியவில்லை. வயது, சர்க்கரை, இதயம், பசியின்மை எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக எடைக் கருவியில் தெரிகிறது.

எங்கள் பியூரெட் இப்போது அந்த மையத்தின் தண்ணீர் அறையில் ஸ்டாண்டோடு நிற்கிறது. பதிவேட்டில் முன்பு "உப்பு: ஃபுல், டிடிஎஸ்: 40" என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. பையன் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு இன்னும் மூன்று சேர்த்திருக்கிறான். மொத்தக் கடினத்தன்மை, கால்சியம், மெக்னீசியம். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு அளவுகள் எழுதி, ஒத்துப்போனால் மட்டும் கீழே கையெழுத்துப் போடுகிறான்.